முகமும் விளக்கும்

புகைப்படக் கலை பயில வரும் மாணவர் முதன்முறையாக ஒரு ஸ்ரூடியோவினுள் அடியெடுத்து வைக்கும்போது, அங்குள்ள விளக்குகளைக் கண்டு திகைப்பது இயல்பே. உயரமான தாங்கிகளில் ஏற்றிய விளக்குகள், வெள்ளைக் குடைகள், துணி போர்த்த பெட்டிகள்! இத்தனையையும் ஒருங்கே ஏற்றினாலன்றோ படம் சிறக்கும் என்று அவர் எண்ணுவார். நல்லாசிரியரோ ஒன்றைத் தவிர ஏனையவற்றை அணைத்துவிடுவார். வானத்தில் ஞாயிறு ஒன்றே. அதற்குப் பழகிய நம் கண், ஒரே முகத்தில் இரண்டு மூக்கு நிழல்களைக் கண்டால் ஒப்புக்கொள்ளாது.

முதற் பாடத்திற்கு மனித முகமும் வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் தாளும் அதன்மேல் ஒரு வெண்ணிற முட்டையும் போதும். (அவித்த முட்டையாயின் உருண்டு விழுந்தாலும் நட்டமில்லை.) கமராவின் அருகிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் முட்டை நாணயத்தைப் போலத் தட்டையாகத் தோன்றும். விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்த நகர்த்த நிழல் பிறக்கிறது. நிழல் பிறக்கவே முட்டைக்குத் திரட்சியும் பிறக்கிறது. அடுத்து, விளக்கிற்கும் முட்டைக்கும் இடையே ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க வேண்டும். கத்தியால் வெட்டினாற் போலிருந்த நிழலின் ஓரம் கரைந்து மென்மையாகும். வேட்டிதான் ஒளியை மென்மையாக்கிற்று என்பது பாதி உண்மையே. முட்டையின் இடத்திலிருந்து நோக்கினால், முன்பு சிறு குமிழாகத் தெரிந்த ஒளி இப்போது ஒரு சுவராகத் தெரிகிறது. அந்தப் பருமனே மென்மைக்குக் காரணம். ஞாயிறு எத்துணைப் பெரிதாயினும் தொலைவினால் நமக்குச் சிறு வட்டமே. ஆதலால் வெயிலில் நிழல் கூர்மையாக விழுகிறது. மேகம் மூடிய நாளில் வானம் முழுவதுமே விளக்காகிவிட, நிழல் மறைந்துவிடுகிறது.

பௌதிக வகுப்பிலே பரீட்சைக்காக மனனஞ் செய்த நேர்மாறு வர்க்க விதியும் இங்கேதான் உயிர் பெறுகிறது. 1 மீற்றர் தூரத்தில் நின்ற விளக்கை 2 மீற்றருக்கு அகற்றினால் ஒளி பாதியாவதில்லை, காற்பங்காகிறது. 3 மீற்றரில் ஒன்பதில் ஒரு பங்கே எஞ்சுகிறது. ஆகவே, விளக்கை முகத்திற்கு மிக அருகே கொண்டுவந்தால் பின்சுவர் இருளில் ஆழ்ந்துவிடும். தூர அகற்றினால் அதே சுவர் முகத்தோடு ஒத்த வெளிச்சம் பெறும். சாயம் பூசாமலே சுவரின் நிறத்தை மாற்றும் வித்தை இது.

இவ்வளவும் கைவந்த பின்னர் முகத்திற்கு வரலாம். விளக்கைத் தலைக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக, ஏறத்தாழ 45 பாகையில் நிறுத்தினால், மூக்கின் நிழல் இறங்கிக் கன்னத்தின் நிழலோடு சேரும். நிழற்பக்கக் கண்ணின் கீழ் ஒரு சிறு முக்கோண ஒளி எஞ்சும். 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர் றெம்பிராண்டின் பெயரால் இம்முறை வழங்குகிறது. நிழல் கடுமையாயின் இன்னொரு விளக்கைத் தேடி ஓடவேண்டாம். மறுபுறத்தில் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையைச் சாய்த்து வைத்தாற் போதும்.

மின்விளக்கு வருமுன்னர் சாளரமே விளக்காயிருந்தது. 1863இல், தமது 48ஆவது வயதில், ஒரு கமராவைப் பரிசாகப் பெற்ற ஜூலியா மார்கிறட் கமரன் அம்மையார், இங்கிலாந்தின் வைற் தீவிலே கோழிகள் அடைத்திருந்த கண்ணாடிக் கூட்டையே தமது ஸ்ரூடியோவாக்கிக் கொண்டார். ஒரு பக்கமிருந்து வழியும் ஒளியில் அவர் பிடித்த முகங்கள் இன்றும் மாணவர்க்குப் பாடமாகின்றன. அவர் 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் வாழ்ந்து, இங்கும் படம் பிடித்தார். 1879இல் டிக்கோயாவில் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கமானார். இங்கிலாந்திலே வடக்கு நோக்கிய சாளரத்தினூடே நண்பகல் வெயில் ஒருநாளும் புகாது. அதனாலேயே மேனாட்டு நூல்கள் வடக்குச் சாளரத்தைப் போற்றுகின்றன. நம் நாட்டிலோ சித்திரை வருடப்பிறப்பை அண்டி ஞாயிறு யாழ்ப்பாணத்தின் உச்சியைக் கடந்து வடக்கே சாய்ந்துவிடுகிறது. ஆவணி வரை நண்பகலிலும் வடபுறமாகவே நிற்கிறது. நூலை நம்பி வடக்கே சாளரம் வைத்தவர் அம்மாதங்களில் திரைச்சீலை தேடவேண்டியதுதான்.

நூலாசிரியர் தம் வானத்தைப் பார்த்தே எழுதினார். அவ்வாறே தம்மவர் முகத்தைப் பார்த்தும் எழுதினார். மாணவர் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் இதுவே. வெளிறிய தோலில் முகத்தின் வடிவை நிழல் காட்டுகிறது. கருந்தோலில் அவ்வடிவைப் பெரிதும் காட்டுவது மினுக்கமே. கன்னமேட்டிலும் நெற்றியிலும் ஒளி வழுக்கிச் செல்லும் அந்த மெல்லிய பளபளப்பை அழித்துவிட்டால் கருமுகம் தட்டையாகிவிடும். படம் பிடிக்குமுன் பவுடர் பூசிவிடும் நம் பழைய ஸ்ரூடியோ வழக்கம் செய்தது அதையே.

கமராவினுள் இருக்கும் ஒளிமானியும் முகம் அறியாதது. எதைக் காட்டினாலும் அதனை நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கருதிக் கணக்கிடும். வெள்ளைச் சீருடையணிந்த நாற்பது மாணவரை உச்சி வெயிலில் நிறுத்தி வகுப்புப் படம் எடுக்கும்போது நிகழ்வது என்ன? ஒளிமானி சீருடையைக் கண்டு மயங்கி ஒளியைக் குறைத்துவிடுகிறது. சட்டைகள் துலங்க, அவற்றின் மேலே முகங்கள் கருந்திட்டுகளாகின்றன. சட்டையா முகமா என்று தீர்மானிப்பது படம் பிடிப்பவரின் கடமை. காலை வேளையில் மண்டபத்தின் நிழற்புறத்தில் நிறுத்தினால் இரண்டையுமே காப்பாற்றலாம்.

குற்றம் கருவியோடு முடிவதன்று. பழைய புகைப்படத் தட்டுகள் சிவப்பு நிறத்தை உணரமாட்டா. ஆதலால்தான் நம் பூட்டியரின் படங்களிலே குங்குமப் பொட்டு மைப்பொட்டாகக் காண்கிறது. செம்மை கலந்த மாநிறமும் உள்ளதினும் கறுத்தே பதிவாயிற்று. பின்னர் வண்ணச்சுருள் வந்தது. 1950களிலிருந்து கொடக் நிறுவனம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய அளவை அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி! பல இனத்தவரின் முகங்களைக் கொண்ட அட்டை 1990களிலேதான் வந்தது. சொக்லேற் தயாரிப்போரும் மரத்தளபாடம் விற்போரும் தம் விளம்பரப் படங்களைப் பற்றி முறையிட்ட பின்னரே கபில நிறத்தைச் செம்மைப்படுத்தும் முயற்சி தொடங்கிற்று என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியோர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். மனிதரின் முறைப்பாட்டினும் மேசையின் முறைப்பாடு வலிதாயிருந்தது போலும்.

இந்தக் குறைகளைச் சுமக்காமலே கருமேனியின் அழகைக் கண்டவர் நம் நாட்டிலேயே இருந்தார். 1900 முதல் 1944 வரை வாழ்ந்த லயனல் வென்ற் சட்டம் பயின்றவர், பியானோ இசைஞர், எனினும் புகைப்படத்தாலேயே நிலைத்தவர். அவர் மறைவின் பின் 1950இல் அவரது இலங்கைப் படங்கள் நூலாக வெளிவந்தன. அவற்றில் உழைப்பாளரின் தோளிலும் முதுகிலும் ஒளி எங்கு தொடங்கி எங்கு நழுவுகிறது என்பதை மாணவர் விரலால் தொடர்ந்து பார்க்க வேண்டும். கருமையை அவர் குறைக்கவில்லை. அதன்மேல் ஒளி நடக்க வழி செய்தார்.

இன்று ஸ்ரூடியோவில் தொழில் பழகும் மாணவரிடம் வாடிக்கையாளர் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுண்டு: “தம்பி, முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ.” கணினியில் அது ஒரு நொடி வேலை. முன்னாளில் நெகற்றிவ்வின் மேல் பென்சில் பிடித்தவர்கள் மணிக்கணக்கில் செய்த அதே வேலை. மறுத்தால் வாடிக்கை போய்விடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால், கணினிக்குப் போகுமுன் அவரை மீண்டும் ஒருமுறை ஆசனத்தில் இருத்தலாம். பவுடரைத் துடைத்துவிட்டு, துணி போர்த்த பெரிய விளக்கை அருகே கொண்டுவந்து, பக்கவாட்டிலிருந்து இன்னும் ஒரு சாண் பின்னே தள்ளி வைத்து, கன்னமேட்டில் அந்த மினுக்கம் எழும்வரை காத்திருக்கலாம். முதற் படத்தையும் இதனையும் அருகருகே அவர் கையில் கொடுத்துவிட்டு, எதைக் கொண்டுபோகிறார் என்று பார்க்கலாம்.