எட்டு முழ வேட்டியும் ஒரு முற்றமும்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு. நடுவில் முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. தாழ்வாரத்தில் ஒரு பாட்டி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருப்பார், பேத்தி வந்து ஒரு சாவுச் செய்தி சொல்வாள். அவ்வளவுதான் காட்சி. பாதியைக் காலை பதினொரு மணிக்கு எடுத்தோம். மீதியைத் தொடங்கும்போது நாலரை. வெயில் கூரையைத் தாண்டிப் போய்விட்டது.

உதவி ஒளிப்பதிவாளராகச் சேர்ந்து எனக்கு அது இரண்டாவது வருடம். கேமராமேன் மாடியில் இயக்குநரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் வேலை முடிந்திருக்கட்டும் என்று ஒரு ஃபைவ் கே (ஐயாயிரம் வாட்) விளக்கை ஸ்டாண்டில் ஏற்றி, நீலத் தாள் கட்டி, பாட்டியின் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். குண்டு விளக்கின் வெளிச்சம் 3200 கெல்வின், மஞ்சள். பகல் வெளிச்சம் 5600 பக்கம். நீலத் தாள் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும். வெளிச்சம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். காலையில் குறித்த அதே அளவு.

அவர் இறங்கி வந்தார். பாட்டியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அளவு சரி தம்பி. மூக்குக்குப் பக்கத்துல நிழல் விழுதே, காலையில இருந்துச்சா?”

இல்லை. பின்சுவரில் தூணின் நிழல் கோடு கிழித்தாற்போல விழுந்திருந்தது. அதுவும் காலையில் இல்லை.

“காலையில வெயில் எங்க அடிச்சுது?”

எதிர்ச் சுவரில். பாட்டி உட்கார்ந்திருந்த இடத்துக்கு வெயில் வரவே இல்லை. எதிரே இருந்த சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பியதும், முற்றத்துக்கு மேல் திறந்து கிடந்த வானத்திலிருந்து இறங்கியதும்தான் அவர் முகத்துக்கு வந்தன. சுவர் அகலமானது, வானம் அதைவிட அகலம். அத்தனை பெரிய இடத்திலிருந்து வரும் வெளிச்சத்துக்கு நிழலை வெட்டத் தெரியாது. ஒரு பக்கம் மறைத்தால் இன்னொரு பக்கத்திலிருந்து வந்து நிரப்பிவிடும். நான் வைத்த விளக்கின் வாயோ ஒரு தாம்பாளம் அளவு.

“முகத்துக்கு வர்றதுக்கு முன்னாடி வெளிச்சம் எதைத் தொட்டுட்டு வருதுன்னு பாரு” என்றார். இருபத்தாறு வருடமாக நான் செய்துவரும் வேலை அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

லைட்மேன் அண்ணன் விளக்கை அப்படியே திருப்பி எதிர்ச் சுவரைப் பார்க்க வைத்தார். உடை பிரிவிலிருந்து சலவை செய்த எட்டு முழ வேட்டிகள் மூன்று வாங்கிவந்து, சுவரின் அழுக்கேறிய பகுதியை மறைத்துக் கட்டினார். பட்டுத் திரும்பும்போது வெளிச்சத்தில் பெரும்பங்கு வீணாகிவிடும். அதனால் இன்னொரு ஃபைவ் கே வந்தது. பாட்டியின் தாடைக்கு அடியில் ஒரு செம்மை தெரிந்தது. தரைக் கல்லின் நிறம். அதன்மேல் கறுப்புத் துணி விரித்தோம். மூக்கின் நிழல் போய்விட்டது. பேத்தி நாலடி தள்ளி நின்றபோதும் அவள் முகம் இருளவில்லை. இதுவும் முக்கியம். சின்ன விளக்கு பக்கத்தில் இருந்தால், தூரம் இரண்டு மடங்கானதும் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். நடிகர் ஒரு எட்டு வைத்தாலே விளக்கு எங்கே இருக்கிறதென்று பார்ப்பவர் மனசுக்குப் பட்டுவிடும்.

அன்று இரவுதான் கேமராமேன் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவைப் பற்றிச் சொன்னார். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைப் படம்பிடிக்கத் தொடங்கியபோது மித்ராவுக்கு வயது 21. அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. அடுத்த படம் 1956-இல் வந்த ‘அபராஜிதோ’. கதையின் முதல் பகுதி நடப்பது காசியில், முற்றம் வைத்த ஒரு வீட்டில். மழைக்காலத்துக்குப் பயந்து அந்த வீட்டைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட முடிவு செய்தார்கள். மித்ரா ராயிடமும் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவிடமும் வாதாடினார். முற்றத்தில் இறங்கும் நிழலில்லாத வான வெளிச்சத்தை ஸ்டுடியோ விளக்குகளால் கொண்டுவர முடியாது என்பது அவர் கட்சி. வாதத்தில் தோற்றார். தோற்றவர், செட்டுக்கு மேலே வானம் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் நடிகர்கள்மேல் விழுந்தது. அதைப் பார்த்த பலருக்கும் அது ஸ்டுடியோ என்று தோன்றவில்லை. 1957-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய படம் அது.

இன்று எந்தப் படப்பிடிப்புக்குப் போனாலும் வெள்ளைத் தெர்மோகோல் பலகை ஒன்றை யாராவது பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தத் துணியின் உறவுதான் அதுவும்.

நம் ஊர் முகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுத்த முகத்துக்கு ‘லைட் ஏத்து’ என்று இன்றைக்கும் செட்டில் குரல் கேட்கிறது. எனக்கு அது வருத்தம் தரும். ஏற்றினால் பின்சுவர்தான் வெளுக்கும். கறுத்த தோல் வெளிச்சத்தைக் காட்டுவது அதன் மினுமினுப்பில். பக்கவாட்டில் ஒரு பெரிய வெள்ளைத் துணியை நிறுத்துங்கள். அந்தத் துணியே கன்னத்து எலும்பில் ஒரு நீண்ட பளபளப்பாக உட்காரும். பவுடர் பூசி அதைக் கொன்றுவிடக் கூடாது. பாட்டியின் நெற்றிச் சுருக்கங்கள் அன்று தனித்தனியாகத் தெரிந்தது அப்படித்தான்.

வெளிச்சம் எப்போதும் மென்மையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 1987-இல் வந்த ‘நாயகன்’ படத்தில் பி. சி. ஸ்ரீராம் தலைக்கு மேலிருந்து வெளிச்சத்தை இறக்கினார். கதாநாயகன் வேலு நாயக்கரின் கண்குழிகள் இருண்டன. ‘தி காட்ஃபாதர்’ படத்தில் கோர்டன் வில்லிஸ் 1972-இலேயே அந்தத் துணிச்சலைக் காட்டியிருந்தார். நடிகரின் கண் தெரியாவிட்டால் தயாரிப்பாளர்கள் பதறும் தொழில் இது. ஆனால் திரையில் இருக்கும் அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று நமக்குத் தெரியக் கூடாது. அதற்காகவே இருவரும் இருட்டை வைத்தார்கள்.

இப்போது கேமராக்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் படம் எடுக்கின்றன. எல்ஈடி பலகைகளில் நிறத்தை விரலால் மாற்றலாம். ஆனால் என்னிடம் வரும் உதவியாளர்களுக்கு நான் முதல் வாரம் விளக்கைத் தொட விடுவதில்லை. ஏதாவது ஒரு வீட்டின் ஜன்னலோரம் ஒருவரை உட்காரவைத்து, காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை அவர் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். போன மாதம் ஒரு பெண் குறிப்பேட்டோடு வந்தாள். “மூணு மணிக்கு எதிர்வீட்டுல பச்சைப் போர்வை காயப் போட்டாங்க சார். அப்பாவோட காதுக்குப் பின்னாடி பச்சை வந்துச்சு.”

மறுநாள் அவள் கையில் மீட்டரைக் கொடுத்தேன்.