இடுப்பை ஒடிக்கும் 'சக்திமான்' சீட்! பழைய ராணுவ லாரி டிரைவர்கள் படும் பாடு

பீரங்கியை இழுத்த லாரி. மலை ஏறிய லாரி. சேற்றில் புதைந்தாலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்து வெளியே வந்த லாரி. இத்தனை பெருமை உள்ள வண்டியை ஓட்டியவரிடம் போய் "வண்டி எப்படி?" என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கை இடுப்புக்குப் போகும்.

'சக்திமான்' லாரியைப் பலரும் பார்த்திருப்பார்கள். பச்சை வர்ணம், குட்டை மூக்கு, உயரமான சக்கரம். ஜெர்மனி நாட்டு 'மான்' கம்பெனியின் லைசென்சில் ஜபல்பூரில் தயாரான வண்டி இது. 1959-ல் முதல் வண்டி வெளியே வந்தது. 1996 வரை உற்பத்தி நடந்தது. அதன் பிறகு அசோக் லேலண்டின் 'ஸ்டாலியன்' லாரியும், டாட்டா லாரியும் அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டன.

ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வரும். முன்பு ஏலக்காரர் நேரில் கூவினார். இப்போது மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் மூலம் இன்டர்நெட்டில் ஏலம் நடக்கிறது. மலைப் பாதையில் மரமும் கல்லும் ஏற்றுகிறவர்கள் எடுப்பார்கள். ஆசைக்கு எடுத்து, வர்ணம் பூசி வைத்துக் கொள்கிறவர்களும் உண்டு.

ஏலம் எடுப்பவர் எஞ்சினைப் பார்ப்பார். கியர் பெட்டியைப் பார்ப்பார். டயரைத் தட்டிப் பார்ப்பார். சீட்டை யாரும் பார்ப்பது இல்லை. முழு நாள் ஓட்டி விட்டு இறங்கும்போதுதான், இறங்க முடியாது என்பது தெரிய வரும்!

ஏன் இந்தக் கட்டைச் சீட்?

ராணுவ லாரி சொகுசுக்காகச் செய்தது அல்ல. மழையில் நனைந்தாலும் கெடக் கூடாது. பூட்ஸ் காலால் மிதித்தாலும் கிழியக் கூடாது. எந்த முகாமிலும் சுலபமாகக் கழற்றி மாட்ட வேண்டும். அதனால் இரும்புச் சட்டம், மேலே கொஞ்சம் மெத்தை, அதற்கு மேல் கெட்டித் துணி. அவ்வளவுதான். அதிலும் இப்போது ஓடும் வண்டிக்கு வயது 30-க்குக் குறையாது. மெத்தை அப்பளமாகி இருக்கும். துருப்பிடித்த சுருள் கம்பி துணியைக் குத்திக் கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

இது வெறும் அசவுகரியம் என்று நினைத்தால் தப்பு. இதில் உடம்பு சம்பந்தப்பட்ட கணக்கு ஒன்று இருக்கிறது.

மனித உடம்புக்கு ஆகாத குலுக்கல் என்று ஒன்று உண்டு. உட்கார்ந்திருப்பவரை வினாடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழுமாக ஆட்டும் குலுக்கல்தான் அது. அந்த வேகத்தில் ஆட்டினால் முதுகெலும்பும் வயிறும் தாங்களும் சேர்ந்து ஆட ஆரம்பித்து விடும். 1974-ல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு இதற்கென்றே 2631 என்ற எண்ணில் ஓர் அளவுகோலை வெளியிட்டது. 2002-ல் ஐரோப்பிய நாடுகள் சட்டமே போட்டு விட்டன. 8 மணி நேர வேலையில் குலுக்கல் 0.5 என்ற அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 1.15-ஐத் தாண்டவே கூடாது.

பஞ்சு வைத்தால் தீருமா?

டிரைவர்கள் முதலில் செய்யும் வைத்தியம் ஒன்றுதான். வீட்டில் இருந்து ஒரு தலையணை. அது போதாவிட்டால் குஷன் கடையில் ஆறு அங்குல போம். கொழகொழவென்று இருக்கும். உட்கார்ந்தவுடன் சுகமாகவும் இருக்கும்.

இரண்டாவது நாள் வேதனை கூடும். காரணம் இதுதான். மிருதுவான போம் டிரைவரின் எடைக்கே முக்கால்வாசி நசுங்கி விடுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது மிச்சமும் நசுங்கி, அடியில் உள்ள இரும்பில் "டங்" என்று முதுகு போய் இடிக்கிறது. இன்னொன்று, சாதாரண போம் சீட்டே வினாடிக்கு 4 தடவை வாக்கில்தான் ஆடக் கூடியது. அந்தக் குலுக்கலை அது குறைப்பது இல்லை, கூட்டித்தான் கொடுக்கிறது!

உயரச் சிக்கல் வேறு. சீட் ஆறு அங்குலம் உயர்ந்தால் தலை கூரையில் தட்டும். தொடை ஸ்டியரிங்கில் உரசும். கிளச்சை முழுசாக மிதிக்க முன்னால் சறுக்க வேண்டும். பிரேக்குக்கும் அதே கதிதான். லோடு வண்டி இறக்கத்தில் வரும்போது கால் எட்டவில்லை என்றால், எதிரே வருகிறவன் கதி என்ன?

மாட்டிக் கொண்டது சீட், குற்றவாளி வேறு!

அனுபவம் உள்ள மெக்கானிக் சீட்டைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுப்பார். அங்கேதான் நிஜக் குற்றவாளிகள் ஒளிந்திருக்கிறார்கள்.

முதல் ஆசாமி, பட்டை ஸ்பிரிங். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள் வழுக்கிக் கொடுத்தால்தான் அதிர்ச்சி அடங்கும். வருடக் கணக்கில் கிரீஸ் காணாமல் துரு ஏறிய பட்டைகள் ஒட்டிக் கொண்டு ஒரே இரும்புக் கட்டையாகி விடும். அப்புறம் ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் டிரைவரின் இடுப்பில் எண்ணப்படும்.

அடுத்தது, கேபினுக்கும் சேசிசுக்கும் நடுவே உள்ள ரப்பர் கட்டைகள். பழைய வண்டியில் இவை கல்லாக இறுகி இருக்கும், அல்லது பொடிந்து காணாமலே போயிருக்கும். இரும்பு மேல் இரும்பு உட்கார்ந்து கொண்டு ஆடும். ரப்பரை மாற்றினாலே பாதி வலி போய் விடும் என்றால் பலர் நம்புவது இல்லை. ஆயிரக் கணக்கில் செலவு செய்து சீட்டை மாற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம்.

டயர் காற்றும் கூட்டாளிதான். லோடுக்கு அடித்த காற்றோடு காலி வண்டியை ஓட்டினால் தூக்கித் தூக்கிப் போடும். ஷாக் அப்சர்பரில் எண்ணெய் ஒழுகினாலும் அதே கதைதான்.

பட்டறையில் கேட்க வேண்டியது

அடியில் எல்லாம் சரி. இனி சீட். அடியில் கெட்டியான போம், மேலே ஓர் அங்குலம் மட்டும் மிருதுவானது என்று இரண்டு அடுக்காக வைக்கச் சொல்ல வேண்டும். கடையில் '40 டென்சிட்டி' என்று கேட்டால் தருவார்கள். டென்சிட்டி வேறு, கெட்டித்தனம் வேறு. கையால் அழுத்திப் பார்த்து வாங்குவது நல்லது. ரப்பர் பால் தெளித்த தேங்காய் நார் மெத்தையும் மட்டம் அல்ல. காற்று ஓடும், வேர்க்காது.

சீட்டின் முன் விளிம்பு வட்டமாக இருக்க வேண்டும். கூர்மையாக இருந்தால் தொடைக்கு அடியில் ரத்த ஓட்டத்தை அழுத்தி, கால் மரத்துப் போகும். சாய்மானம் நட்டுக்குத்தாக வேண்டாம். 100 முதல் 110 டிகிரி போதும். இடுப்பு வளைவில் ஒரு சின்னத் திண்டு. மேலே ரெக்சின் போட்டால் வெயிலில் சுடும். துணி உறை மேல். அப்புறம், பின் பாக்கெட்டில் உள்ள பர்சை எடுத்து டாஷ்போர்டில் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கி உட்கார்ந்தால் தொடை நரம்பு நசுங்கும்.

வசதி உள்ளவர்கள் 'சஸ்பென்ஷன் சீட்' போடுகிறார்கள். கத்தரிக்கோல் போல மடங்கும் சட்டம், ஸ்பிரிங் அல்லது காற்றுப் பை, ஒரு ஷாக் அப்சர்பர். டிரைவரின் எடைக்கு ஏற்பத் திருகி வைக்கலாம். இது வினாடிக்கு ஒன்று இரண்டு தடவைதான் மெதுவாக ஆடும் என்பதால் அந்தப் பொல்லாத 4 முதல் 8 குலுக்கலை வெட்டி விடும். கழித்த பஸ், லாரிகளில் இருந்து கழற்றியதும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். ஆனால் இதற்கு அடியில் உயரம் வேண்டும். பழைய சீட் பெட்டியை அறுத்தால்தான் உட்காரும். அறுக்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டு விடுவது புத்திசாலித்தனம். வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இடம் தராது.

வெல்டிங் வைக்கும்போது உஷார்! பழைய 'வில்லிஸ்' ராணுவ ஜீப்பில் பெட்ரோல் டாங்கியே டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. எந்த வண்டியாக இருந்தாலும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நெருப்பு வைத்தால், சீட்டும் மிஞ்சாது, உட்காருகிறவரும் மிஞ்ச மாட்டார்.

1.10.2025 முதல் தயாராகும் புதிய சரக்கு லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. பழைய வண்டிக்கு அது கிடையாது. டயருக்கும் டீசலுக்கும் கணக்குப் பார்க்காமல் பணம் எடுக்கும் முதலாளி, சீட் என்றால் "அடுத்த மாசம் பார்க்கலாம்பா" என்பார்.

அந்த அடுத்த மாசத்துக்குள் காலில் மின்சாரம் பாய்ந்தது போல வலி இறங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு காலும் மரத்து, சிறுநீரும் தடைப்பட்டால் தைலம் தேய்த்துக் கொண்டு உட்காரக் கூடாது. சாவியை எடுத்து விட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் விட வேண்டும்.