தேள் கொட்டினால் இதயம் ஏன் திணறுகிறது?

உத்தனப்பள்ளிப் பக்கம் தோட்டத்தில் கல்லைப் புரட்டும்போது செந்தேள் கொட்டினால், கடுப்போடு போகும் என்று இருந்துவிடக் கூடாது. உயிருக்கு உலை வைப்பது இதயத்தில் நடக்கும் கோளாறுதான்.

விஷம் நரம்புகளின் சோடியம் வாசல்களை மூடவிடாது. அட்ரினலின் வகைச் சுரப்புகள் வெள்ளமாய்ப் பாயும். ரத்தக் குழாய்கள் இறுகி, அழுத்தம் எகிறும். கொட்டுப்பட்டவருக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், கைகால் சில்லிடும். இந்தச் சுமையில் இதயத் தசை தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். இருமினால் இளஞ்சிவப்பு நுரை வரும். உடனே தீவிர சிகிச்சை வேண்டிய கட்டம் அது.

மகாராஷ்டிரத்தின் மஹாடில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் ஒரு வழி கண்டார். ரத்த அழுத்தத்துக்குத் தரும் பிரசோசின் மாத்திரை, இறுகிய குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைத்தது. விலை மலிவு, சிற்றூர் மருத்துவமனையிலேயே கொடுக்கலாம். என்னைப் பொறுத்தவரை இதுவே அதன் பெரும் சிறப்பு. தேள் விஷமுறிவு மருந்தும் சேர்ந்தால் நோயாளி இன்னும் விரைவில் தேறுகிறார் என்று 2011இல் அவரே நிறுவினார்.