சேர்வராயன் மலையில் செங்கண் நோய்

கண் சிவந்து, நீர் வடிந்து, காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக்கொள்ளும் நோயை நம் ஜனங்கள் ‘மெட்ராஸ் ஐ’ என்று அழைக்கிறார்கள். 1819-ஆம் வருஷத்தில் தோன்றிய எழும்பூர்க் கண் வைத்தியசாலையில் 1918-ஆம் வருஷ வாக்கில் இந்நோய் ஆராயப்பட்டமையால், சென்னையின் பெயர் அதன்மேல் ஏறிற்று என்பர். 1969-இல் கானா தேசத்தில் இதையொத்த நோய் ஒன்று பரவிற்று. மனிதன் சந்திரனில் கால் வைத்த சமயமாதலால் அதற்கு ‘அப்பல்லோ’ என்று பெயரிட்டார்கள். 1971-இல் கிழக்கு வங்காளத்து அகதிகள் வந்த காலத்தில் மேற்கு வங்காளத்தார் அதை ‘ஜாய் பங்களா’ என்றார்கள். இவ்வாறு ஒவ்வொரு நாட்டாரும் எங்கோ தொலைவிலுள்ள ஒன்றின் பெயரை நோய்க்குச் சூட்டி அமைதியடைகின்றனர். நோயோ அவரவர் கைகளிலேயே குடியிருக்கிறது.

2022 நவம்பரில், தமிழ்நாட்டில் அதுகாறும் சுமார் 1,50,000 பேர் இந்நோயால் பீடிக்கப்பட்டதாகச் சுகாதார மந்திரி தெரிவித்தார். மிகுதியும் துன்புற்றவையாகக் குறிக்கப்பட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. அந்த ஜில்லாவின் தலைமேல், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதே ஏற்காடு. குளிர்ந்த காற்றும் காப்பித் தோட்டமும் நிறைந்த மலைக்கு நோய் ஏறாது என்று கருதுவோர் உளர். நெருக்கமாய் அமர்ந்து வரும் பஸ்களும், பல பிள்ளைகள் ஒருங்கே உறங்கும் பள்ளி விடுதிகளும், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரே குழாயை நம்பி வாழும் லயன் வீடுகளும் அம்மலையில் இருக்கின்றன. தொத்து நோய்க்கு இவற்றினும் வாய்ப்பான இடம் வேறென்ன வேண்டும்?

இந்நோய்க்குப் பெரும்பான்மையும் காரணமாயிருப்பது அடினோ வைரஸ் என்னும் நுண்கிருமி. சிற்சில சமயங்களில் பாக்டீரியாவும் காரணமாகும். நோயாளியின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நோய் தொற்றும் என்பது வெறும் பிரமை. கண்ணைத் தொட்ட கையும், அக்கை தொட்ட கதவும், துண்டும், தலையணையுமே அதைக் கொண்டு செல்கின்றன. உலர்ந்த பொருள்மீதும் அக்கிருமி பல நாட்கள் உயிரோடிருக்கும். கறுப்புக் கண்ணாடி அணிவதால் நோயாளிக்குக் கூச்சம் குறையுமேயன்றி, அடுத்தவருக்குப் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பைத் தருவன சோப்பும் தண்ணீரும், ஆளுக்கொரு துண்டுமேயாம்.

சிகிச்சையும் எளிது. வைரஸால் வந்த நோய் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தானே தணியும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் பீளையைத் துடைப்பதும், குளிர்ந்த ஒத்தடமுமே போதுமானவை. ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து வைரஸை வெல்லாது. கெட்டியான சீழ் வடியும் பாக்டீரியா நோய்க்கே அது உதவும். தாய்ப்பாலும் தழைச்சாறும் கண்ணில் பிழிவது கருவிழியில் புண் உண்டாக்கக் கூடும். இவற்றினும் கொடியது, வைத்தியரைக் கேளாமல் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்குவது. அது சிவப்பை விரைவில் மறைக்கும். உள்ளேயோ கிருமி நீடிக்கும். நெடுநாள் விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே பாழாகும். கடும் வலியோ, வெளிச்சம் பொறாமையோ, பார்வை மங்கலோ காணின், அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பச்சைக் குழந்தையின் கண்ணில் சீழ் கண்டால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது.

இவ்வளவு எளிய நோய் ஏன் அடங்காமல் பரவுகிறது? இங்கேதான் கூலிப் பிரச்னை குறுக்கிடுகிறது. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் கார்த்திகை, மார்கழி மாதங்கள். 2022-இல் நோய் மிகுந்ததும் அப்பருவத்தை ஒட்டியே. பழுத்ததையும் காயையும் பிரித்தறிய அத்தொழிலாளிக்கு உதவுவது அவன் கண்ணே. “பத்து நாள் வீட்டிலிரு” என்று வைத்தியர் சொல்கிறார்; இருந்தால் அடுப்பு எரியாது. ஆகவே அவன் சிவந்த கண்ணோடு வேலைக்கு வருகிறான். அவனுடன் நோயும் வருகிறது. விரைவில் சிவப்பு மறைந்தால் போதுமென்று கடைச் சொட்டு மருந்தைத் தேடுகிறவனும் அவனே. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், குடியிருப்பு, வைத்தியம், நோய்க்காலப் படி ஆகியவற்றைப் பெரிய தோட்டங்களின் கடமையாக வகுத்தது. சிறு தோட்டங்களோ அதன் வரம்புக்கு வெளியே நின்றன. சட்டத்தில் எழுதிய உரிமை லயன் வாசலில் தண்ணீராகவும், விடுப்பு நாளில் கூலியாகவும் வந்து சேராவிடில் அதனால் யாருக்கு என்ன பயன்?

தோட்ட முதலாளிகளுக்கு நாம் கூறுவது இது: நோயுற்ற ஒருவனுக்குக் கூலியோடு ஓய்வளிப்பது தர்மமன்று, லாபமேயாகும், அவன் வந்தால் பத்துப் பேர் படுப்பர். பஞ்சாயத்தாரும் விடுதித் தலைவர்களும் குழாயையும் சோப்பையும் முதற்கடனாகக் கருதுவார்களாக. பொதுப்பணியில் ஈடுபட்டுள்ள நம் இளைஞர்கள் மழை தொடங்குமுன் மலையேறி, லயன் தோறும் இச்சிறு உண்மைகளை எடுத்துரைப்பார்களாக. ஏழையின் ஒரு நாள் கூலிக்கு அஞ்சி அவன் கண்ணைப் பணயம் வைக்கும் நிலை, நம்மை நாமே ஆளும் நாட்டிற்கு அழகாகாது.