மலைநாட்டில் மட்கலச் சூளை

மட்கலம் சுடுதற்கு வாயுச் சூளையோ மின்சூளையோ ஏற்றது என ஆராய்வார் முதற்கண் இடத்தை நோக்குதல் வேண்டும். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தது. ஆங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தினும் ஐந்திலொரு பங்கு குறைவு. ஆதலின் வாயு முற்றும் எரிதற்கு மிகுதியான காற்றுப் புகவேண்டும். குளிரிரவில் உருளையினுள் வாயு ஆவியாதலும் தளரும். மின்சூளைக்கு இவ்விடர்கள் இல. அட்டன் பகுதியிலே லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் தொடங்கியமையும் நினைக்கத்தக்கது.

எனினும், ஒட்சிசனைக் குறைத்துச் செப்பு மெருகைச் செந்நிறமாக்குதல் வாயுச் சுவாலைக்கே எளிது. அப்பொழுது நச்சுவாயுவாகிய காபனோரொட்சைட்டும் தோன்றும். 2022இல் வாயுத் தட்டுப்பாடும் மின்வெட்டும் ஒருங்கே நேர்ந்தமையால், இரண்டனுள் எதுவும் முழு அரணன்று. ஆகவே, தோட்டப் பாடசாலையின் சிறு சூளைக்கு மின்சாரமே தக்கது. செந்நிற மெருகை நாடுவோர் திறந்த கொட்டகையில் வாயுச் சூளை அமைப்பாராக.