புதினா சாஸ்: எந்த உணவுக்கு எது?

ஒரு கட்டு புதினா வாங்கினால் பிரியாணிக்குக் கைப்பிடி போகும். மீதி ஃபிரிட்ஜில் வாடும். அந்த மீதியில் மூன்று வகைச் சாஸ் செய்யலாம். மூன்றுக்கும் வடசென்னையில் இடமுண்டு.

முதலாவது, வினிகர் சாஸ். வடசென்னையின் ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. ரயில்வே வேலையில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் வாழ்ந்தன. அவர்கள் சமையலில் ஆங்கிலேயர் சாயல் உண்டு; ஆட்டிறைச்சி ரோஸ்ட்டுக்கு வினிகர் சாஸ் தொட்டுக்கொள்வது ஆங்கிலேயர் வழக்கம். ஒரு கப் இலையைப் பொடியாக நறுக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு சேர்த்து, மூன்று டேபிள்ஸ்பூன் கொதிநீர் ஊற்றுங்கள். சர்க்கரை கரைந்து சூடு ஆறியதும் மூன்று டேபிள்ஸ்பூன் வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். புளிப்பும் இனிப்பும் இறைச்சிக் கொழுப்பின் திகட்டலை அடக்கும். மட்டன் சுக்கா, கட்லெட்டுக்கும் பொருந்தும். ஊற ஊறப் பச்சை மங்கும். அமிலத்தின் வேலை அது, கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.

இரண்டாவது, பச்சையாக அரைக்கும் சட்னி. புதினாவைப் போல இரு மடங்கு கொத்தமல்லி, பச்சைமிளகாய், இஞ்சி, எலுமிச்சைச் சாறு, உப்பு. அரைபடும்போது இலையிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து சட்னியைக் கறுக்கவைக்கும். எலுமிச்சையை முதலிலேயே பிழிந்து, குளிர்ந்த நீர் சேர்த்து, விட்டுவிட்டு அரைத்தால் நிறம் நிற்கும். மிக்ஸி சூடேறும்வரை ஓட்டினால் கசக்கும்.

இந்தச் சட்னிக்கும் ராயபுரத்தோடு தொடர்புண்டு: அங்கே ஆரத்தூண் சாலையில் பார்சிகளின் அக்னிக் கோயில் 1910 முதல் இருக்கிறது. பார்சிச் சமையலின் பெயர்பெற்ற மீன் உணவான ‘பாத்ரா நி மச்சி’க்குத் தேங்காயும் கொத்தமல்லியும் சேர்ந்த பச்சைச் சட்னிதான் உயிர், பலர் புதினாவும் சேர்ப்பார்கள். காசிமேட்டில் வவ்வால் மீன் வாங்கினால் நீங்களும் செய்யலாம். மீனைக் கீறி உப்பும் எலுமிச்சையும் தடவி, சட்னியைக் கனமாகப் பூசி, வாழையிலையில் மடித்து ஆவியில் வேகவையுங்கள். நடுத்தர மீனுக்குப் பதினைந்து நிமிடம் போதும். வாசனை இலைக்குள்ளேயே தங்கும். சட்னியில் தயிர் கலந்தால் வறுத்த மீன், கபாப், சாண்ட்விச்சுக்கு ஆகும். தேங்காய் சேர்த்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, நம் துவையல். எண்ணெயில் உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் வறுத்து, அதே எண்ணெயில் இலையைச் சுருங்கும்வரை மட்டும் வதக்கி, புளியும் உப்பும் வைத்து அரைப்பது. வதங்கியதால் பச்சை வாசனை அடங்கும். சூடான சோற்றில் நல்லெண்ணெயோடு பிசைந்தால் அதுவே சாப்பாடு. இட்லி, தோசைக்கும் ஆகும். தேங்காய் சேர்க்காமல், தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்தால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும்.

எதைச் செய்தாலும் தடித்த காம்பை நீக்கி, மண் போக இரண்டு மூன்று முறை அலசி, ஈரத்தை வடியவிடுங்கள். கொழுப்புள்ள இறைச்சிக்கு வினிகர் சாஸ், மீனுக்குப் பச்சைச் சட்னி, சோற்றுக்குத் துவையல்: இந்தக் கணக்கு தெரிந்தால் ஒரு கட்டுப் புதினாவும் வீணாகாது.