நின்ற சக்கரம் கண்ட நீர்ச் சுவடு

வேற்றுலகை ஆராய மனிதன் அனுப்பும் தானியங்கி ஊர்தி, அங்கு இறங்கியபின் பழுதுபட்டால் யாது செய்வது? திருத்துவதற்கு ஆள் இல்லை. மாற்றுவதற்கு உறுப்பும் இல்லை. உள்ளதைக் கொண்டே பணியை நடத்துதல் வேண்டும். அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய ‘ஸ்பிரிட்’ என்னும் ஊர்தியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

2004ஆம் ஆண்டு சனவரித் திங்களில் செவ்வாயின் குசேவ் பள்ளத்தில் ஸ்பிரிட் இறங்கிற்று. ஆறு சக்கரங்களும், கதிரவன் ஒளியை மின்னாற்றலாக மாற்றும் தகடுகளும் உடையது அது. அதற்குக் குறித்த பணிக்காலம் ஏறத்தாழ 90 நாள்களே.

பூமியிலிருந்து அனுப்பும் வானொலிக் குறிப்பு செவ்வாயை அடைய, இரு கோள்களின் இடைவெளிக்கேற்ப, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். ஆதலின், சாலையில் வண்டி ஓட்டுவதுபோல் ஊர்தியை உடனுக்குடன் செலுத்த இயலாது. ஒரு நாள் வேலையைத் தொகுத்துக் கட்டளையாக அனுப்புவர். ஊர்தியோ, இரு கண்கள்போல் அமைந்த படக்கருவிகளால் மேடுபள்ளம் அறிந்து, இடையூறுகளை விலக்கிச் செல்லும்.

2006 மார்ச்சுத் திங்களில் அதன் வலப்புற முன்சக்கரம் சுழலாது நின்றது. அறிஞர்கள் பணியைக் கைவிட்டார்களல்லர். ஊர்தியைப் பின்னோக்கிச் செலுத்தினர். நின்ற சக்கரம் கலப்பைபோல் மண்ணைக் கீறிக்கொண்டு இழுபட்டு வந்தது. 2007இல் அவ்வாறு கீறிய சாலில் வெண்மண் தோன்றிற்று. ஆராய்ந்தபோது, அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு சிலிக்கா எனத் தெரிந்தது. வெந்நீர் ஊற்றோ, நிலத்தின் வெடிப்புகளில் எழும் சூடான ஆவியோ இருந்த இடத்திலேயே அத்தகைய படிவு உண்டாகும் என்பது அறிஞர் முடிவு. பூமியில் அவ்விடங்களில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஆதலின், பண்டைச் செவ்வாயில் உயிர் வாழத்தக்க சூழல் இருந்திருக்கலாம் என்னும் கருத்து வலுப்பெற்றது.

எனினும், அக்குறையே பின்னர் இடராகவும் முடிந்தது. 2009இல், மேற்புறம் பொருக்குக் கட்டி அடியில் நொய்ம்மணலாக இருந்த இடத்தில் ஊர்தி புதைந்தது. எஞ்சிய சக்கரங்களால் அதனை மீட்க முடியவில்லை. குளிர்காலத்தில் தகடுகளைக் கதிரவனை நோக்கிச் சாய்த்து நிறுத்தவும் இயலவில்லை. 2010 மார்ச்சு 22ஆம் நாள் வந்ததே அதன் இறுதிச் செய்தி.

மூன்று திங்களுக்கென அனுப்பிய ஊர்தி ஆறாண்டுக்கு மேல் உழைத்தது. பழுதற்ற சக்கரமாயின் அவ்வெண்மண்ணின்மேல் உருண்டு சென்றிருக்கும். மண்ணுள் மறைந்திருந்ததை வெளிப்படுத்தியது நின்றுபோன சக்கரமே. அச்சாலைத் திரும்பிப் பார்க்கும் கண் அறிஞர்க்கு இருந்தமையால், குறையும் அறிவுக்கு வாயிலாயிற்று. மாணாக்கர்க்கு அறிவியல் புகட்டும்போது ஆசிரியர் எடுத்துரைக்கத்தக்க செய்தி இஃதாகும்.